ஆங்கிலச் சொற்செல்வம் ஈட்டும் வழி

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, நமது வக்கீல் அறைக்கு ஐந்து விவசாயிகளும் ஒரு வாலிபரும் வந்தார்கள். வாலிபருக்கு வயது இருபத்துநான்கு இருக்கலாம். பட்டதாரி, அக் கிராமத்து விவசாயிகள் சங்கத்தின் காரியதரிசி. அவர் கையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட பத்திரம் ஒன்று இருந்தது. வயல்களின் வழியே குழாய் பதித்த ஒரு நிறுவனம், பயிர் நஷ்டத்துக்காக ஒரு தொகையைக் கொடுத்து, அந்தப் பத்திரத்தில் எல்லாரிடமும் கையொப்பம் வாங்கியிருந்தது.

"இது முன்பணம்தான், ஐயா. பாக்கித் தொகை பரிசீலனையில் இருப்பதாக அவர்களே இதில் எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதமாகியும் பதில் இல்லை" என்றார் வாலிபர்.

பத்திரத்தை வாங்கி வாசித்தோம். பரிசீலனை என்ற பேச்சே அதில் இல்லை. 'கன்ஸிடரேஷன்' என்ற சொல் இருந்தது. ஒப்பந்தச் சட்டத்தில் அச் சொல்லுக்குப் பிரதிபலன் என்று பொருள். இத் தொகையைப் பிரதிபலனாகப் பெற்றுக்கொண்டு, இனி எழக்கூடிய எல்லாக் கோரிக்கைகளையும் 'வெய்வ்' செய்கிறோம், அதாவது கைவிடுகிறோம், என்று ஐந்து குடும்பங்களும் எழுதிக் கொடுத்திருந்தன. வாலிபர் தமக்குத் தெரிந்த பொருளை வைத்துக்கொண்டு, "பயப்படாமல் போடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்லை நம்பி அவர்கள் கையெழுத்திட்டார்கள்.

இதில் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. அந்த வாலிபர் ஆங்கிலம் அறியாதவரல்லர். வெளிநாட்டுப் படிப்புக்கான ஒரு பரீட்சையை முன்னிட்டு மூவாயிரம் கடினமான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தவர். 'ஸெஸ்க்விபிடேலியன்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் தயங்காமல் சொல்வார். (ஒன்றரை அடி நீளமுள்ளது என்பது அதன் லத்தீன் மூலப்பொருள், நீண்ட சொற்களைப் பரிகசிப்பதற்காக ஏற்பட்ட நீண்ட சொல் அது!) ஆயுளில் ஒரு முறைகூட உபயோகப்படாத சொல் அவருக்குத் தெரிந்திருந்தது, ஐந்து குடும்பங்களின் நஷ்டஈட்டைத் தாங்கி நின்ற சொல் தெரியவில்லை. வழக்கை நடத்தினோம். ஒரு பகுதித் தொகையைத்தான் மீட்க முடிந்தது.

அவரைக் குறை சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. வாலிப வயதில் நாமும் அதே நோய்க்கு ஆளானவர்தாம். தொழில் பழகத் தொடங்கிய காலத்தில் நாம் எழுதிய முதல் மனுவில், அகராதியைப் புரட்டித் தேடிச் சேர்த்த பெரும் சொற்கள் பதினொன்று இருந்தன. நமது மூத்த வக்கீல் அவற்றில் ஒன்பதை அடித்துவிட்டு, "நீதிபதிக்கு உன் படிப்பு வேண்டாம், உன் கட்சிக்காரனுடைய குறை என்ன என்று தெரியவேண்டும்" என்றார். அன்று மனம் புண்பட்டது. இன்று அந்தச் சிவப்புக் கோடுகளுக்கு நன்றி செலுத்துகிறோம்.

ஏன் கற்கவேண்டும்?

தாய்மொழிப் பற்றுள்ளவர்களுக்கு ஆங்கிலச் சொற்செல்வம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1950-ம் வருஷத்தில் அமலுக்கு வந்த நமது அரசியலமைப்பின் 348-வது பிரிவு, பார்லிமெண்டு வேறு விதமாகச் சட்டம் செய்யும் வரையில், சுப்ரீம் கோர்ட்டிலும் ஹைக்கோர்ட்டுகளிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்கிறது. நிலத்தைப் பற்றிய தீர்ப்பு, தொழிலாளியின் வேலையைப் பற்றிய தீர்ப்பு, கூட்டம் கூடும் உரிமையைப் பற்றிய தீர்ப்பு எல்லாவற்றுக்கும் மூலம் ஆங்கிலமே. இந்நிலை மாறவேண்டும் என்று வாதாடுவது ஒரு கடமை. மாறும் வரையில், ஜனங்களுக்காகப் பேச முன்வருகிறவன் அம் மூலத்தைத் தானே வாசித்து அறிவது மற்றொரு கடமை. மொழிபெயர்ப்பாளனை நம்பி நிற்கும் தலைவன், கைத்தடி இல்லாமல் நடக்கத் தெரியாதவனுக்கு ஒப்பாவான்.

மூன்று அடுக்கு மாளிகை

ஆங்கிலத்தில் சொற்கள் ஏன் இவ்வளவு மிகுதி என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அறிந்தால் பாதி அச்சம் நீங்கும். 1066-ம் வருஷத்தில் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன் பின் நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி புரிந்தது. குடியானவன் வீட்டில் பழைய ஆங்கிலம். கோயிலிலும் கல்விச் சாலையிலும் லத்தீன். கோர்ட்டுகளில் இனி ஆங்கிலத்திலேயே வாதாட வேண்டும் என்று 1362-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது! 'ஜட்ஜ்', 'ஜூரி', 'ப்ளெயிண்டிஃப்', 'மார்ட்கேஜ்' முதலிய சொற்கள் இன்றும் அந்த ஆட்சியின் அடையாளங்களாக நிற்கின்றன.

ஆகவே ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குச் சொற்கள் ஏற்பட்டன. கேட்பதற்கு 'ஆஸ்க்' என்பது வீட்டுச் சொல்; 'க்வெஸ்ச்சன்' பிரெஞ்சு வழி வந்தது; 'இண்டராகேட்' லத்தீன் வழி வந்தது. தாய் மகனிடம் 'ஆஸ்க்' செய்வாள். போலீஸ்காரர் அவனையே 'இண்டராகேட்' செய்வார். பொருள் ஏறக்குறைய ஒன்று; மரியாதையும் சூழ்நிலையும் வேறு. தமிழனுக்கு இது புதிதன்று. நீர், ஜலம், தீர்த்தம் மூன்றும் ஒன்றுதான். ஆயினும் வயலுக்குத் தீர்த்தம் பாய்ச்சினேன் என்று யாரும் சொல்வதில்லை. எந்தச் சொல் எந்த அடுக்கில் வாழ்கிறது என்று அறிவதே உயர்ந்த சொல்லறிவின் முதற்படி. மேல் அடுக்குச் சொற்களை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பவன், அடுப்பங்கரைக்குப் பட்டுப் பீதாம்பரம் அணிந்து போகிறவனைப் போலாவான்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கிலச் சொற்களுக்கு எல்லை இல்லை என்று எண்ணி மலைக்கவேண்டாம். 1928-ம் வருஷத்தில் முற்றுப்பெற்ற ஆக்ஸ்போர்டு பேரகராதியில் 4,14,825 சொற்கள் இருந்தன. அத்தனையும் அறிந்த ஆங்கிலேயர் ஒருவரும் இல்லை. இத்துறை ஆராய்ச்சியில் பெயர்பெற்ற நியூஸிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, பத்திரிகையையும் நாவலையும் பிறர் உதவியின்றி வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் போதும். அவ்வளவு தெரிந்தால் நூறு சொற்களில் தொண்ணூற்றெட்டு விளங்கும்; எஞ்சிய இரண்டைச் சூழ்நிலையைக் கொண்டு ஊகித்துவிடலாம். சொற்குடும்பம் என்பது ஒரு சொல்லும் அதன் கிளைகளும் சேர்ந்தது: 'டிஸைட்', 'டிஸிஷன்', 'டிஸைஸிவ்' எல்லாம் ஒரு குடும்பம்.

இவற்றிலும் எல்லாச் சொற்களும் சம பலமுடையவை அல்ல. மிகுதியாக வழங்கும் இரண்டாயிரம் குடும்பங்களே சாதாரண எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்புகின்றன. வங்காளத்தில் கல்வி இலாகாவில் பல்லாண்டு பணி செய்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், 1953-ம் வருஷத்தில் அத்தகைய சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதன் மேல் கட்டியதே அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ம் வருஷத்தில் வெளியிட்ட கல்வித்துறைச் சொற்பட்டியல். 570 குடும்பங்களே அதில் உள்ளன. ஆயினும் ஆராய்ச்சி நூல்களிலும் பாடநூல்களிலும் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அவைதாம்.

இனிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியிறுதி வகுப்பை நன்கு முடித்த ஒருவருக்கு மூவாயிரம் குடும்பங்கள் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து குடும்பங்கள் வீதம் சேர்த்தால் வருஷத்துக்கு 1825. மூன்று வருஷத்தில் 5475. மொத்தம் எட்டாயிரத்தைத் தாண்டிவிடும். ஒரே மாதத்தில் ஆங்கிலப் புலமை என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறவர்கள், இந்த எளிய கணக்கைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

நட்பைக் கொண்டு அறிதல்

சட்டத்தில் 'நோஸ்கிட்டுர் ஏ ஸோஸியிஸ்' என்ற லத்தீன் விதி ஒன்று உண்டு. ஒரு சொல்லின் பொருளில் ஐயம் எழுந்தால், அதன் பக்கத்தில் நிற்கும் சொற்களைக் கொண்டு நிர்ணயிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. மொழி கற்பவனுக்கு இதைவிடச் சிறந்த உபதேசம் வேறில்லை. 'எக்ஸிக்யூட்' என்ற சொல்லைப் பாருங்கள். அது தீர்ப்போடு நின்றால் நிறைவேற்றுதல். பத்திரத்தோடு நின்றால் எழுதிக் கையொப்பமிடுதல். மனிதனோடு நின்றால் தூக்கிலிடுதல். 'ஸாங்க்ஷன்' என்பது ஓரிடத்தில் அனுமதி, மற்றோரிடத்தில் தண்டனை. 'டிமைஸ்' என்றால் செய்தித்தாளில் மரணம். குத்தகைப் பத்திரத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விடுதல்! நண்பர்களை விட்டுத் தனியாகப் பிரித்து மனப்பாடம் செய்த சொல், நீதிமன்றத்தில் பிறழ்ந்து பேசும் சாட்சியைப் போல் நம்மைக் கவிழ்த்துவிடும்.

கடினமான சொற்களைக் காட்டிலும் எளிய சொற்களே ஏமாற்றுவன என்பதையும் கவனிக்கவேண்டும். 1989-ல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகள் கொண்டது. அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்த சொல், மூன்றே எழுத்துக்கள் கொண்ட 'ஸெட்' என்பது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு நானூறுக்கு மேற்பட்ட பொருள்கள் கொடுக்கப்பட்டிருந்தன. நம் காரியதரிசியைக் கவிழ்த்த 'கன்ஸிடரேஷன்' பள்ளிக்கூடச் சிறுவனும் அறிந்த சொல்தானே!

எந்தச் சொல் எதனோடு கூடும் என்பதும் இதில் அடங்கும். தமிழில் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது. மழை அடிக்கிறது என்று சொன்னாலும் பொருந்தலாம். வெயில் பெய்கிறது என்று சொல்லமாட்டோம். ஆங்கிலத்திலும் அப்படியே. மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. மாற்றிச் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை. கேட்பவன் காதுதான் கூசும். ஜப்பானில் ஆங்கிலம் போதித்துவந்த ஹார்ன்பி என்பவர், அந்நிய மாணவர்களின் இத்தகைய இடர்ப்பாடுகளை நேரில் கண்டு, இரு நண்பர்களுடன் சேர்ந்து ஓர் அகராதி தொகுத்தார். 1942-ல் டோக்கியோவில் அச்சான அந் நூலை 1948-ல் ஆக்ஸ்போர்டு அச்சகம் வெளியிட்டது. இன்று மாணவர் கையில் தவழும் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' அகராதியின் மூலம் அதுதான். தமிழ்ப் பொருள் மட்டும் கூறும் சிறு அகராதியோடு நின்றுவிடாமல், வாக்கியத்தில் வைத்துக் காட்டும் இத்தகைய அகராதி ஒன்றை ஒவ்வொருவரும் பழகவேண்டும்.

பகுதியும் விகுதியும்

சொற்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடிக்க ஒரு வலை உண்டு. அதற்குரிய பயிற்சி தமிழ் மாணவனுக்கு முன்பே கிடைத்திருக்கிறது. நன்னூல் கற்றவன் பகுதி, விகுதி, இடைநிலை என்று பதத்தைப் பிரிக்கப் பழகியவன். அதே கத்தியை ஆங்கிலச் சொல்லின் மேலும் வைக்கலாம். லத்தீனில் 'ஸ்பெக்' என்ற பகுதிக்குப் பார்த்தல் என்று பொருள். உள்ளே பார்ப்பது 'இன்ஸ்பெக்ட்'. திரும்பிப் பார்ப்பது 'ரெட்ராஸ்பெக்ட்'. முன்னே பார்ப்பது 'ப்ராஸ்பெக்ட்'. கீழிருந்து ஒளித்துப் பார்ப்பது 'ஸஸ்பெக்ட்', அதாவது சந்தேகித்தல். ஒரு பகுதியை அறிந்தால் பத்துச் சொற்கள் கைவசமாகின்றன. 1949-ல் நார்மன் லூயிஸ் என்ற அமெரிக்கர் எழுதிய 'வேர்டு பவர் மேட் ஈஸி' நமது தேசத்தில் இன்றும் விலைபோவதற்கு, அவர் இவ்வழியைப் பின்பற்றியது ஒரு காரணம்.

ஆனால் வேரை மட்டும் நம்பினால் மோசம் போவோம். 'ப்ரிவெண்ட்' என்பதற்கு வேர்ப்பொருள் முன்னே வருதல். இன்றைய பொருள் தடுத்தல். நாற்றம் என்பது பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்று ஒருவர் வீட்டில் நாற்றம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், என்ன நேர்கிறதென்று! வேர் சொல்லைக் கண்டுபிடிக்க உதவும். வழக்குத்தான் பொருளைத் தீர்மானிக்கும்.

சீட்டும் மறதியும்

ஆக்ஸ்போர்டு பேரகராதிக்கு ஆசிரியராக 1879-ல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மரே, பதினான்காம் வயதில் பள்ளியை விட்டவர். தாமே முயன்று கற்றுப் பல மொழிகளில் வல்லவரானார். அவர் உலகெங்குமுள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: வாசிக்கும் நூலில் குறிப்பிடத்தக்க சொல் வந்தால், அது வந்த வாக்கியத்தோடு ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று. லட்சக்கணக்கான சீட்டுகள் குவிந்தன. அச்சான அகராதியில் மட்டும் பதினெட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் இடம்பெற்றன. பணி முடிவதைக் காணாமலே 1915-ல் மரே காலமானார். சொல்லின் பொருளை யாரும் ஆணையிட்டு வகுக்கவில்லை; வழங்கிய வாக்கியங்களிலிருந்து கண்டெடுத்தார்கள். அப் பெரும் பணியின் ரகசியம் இதுவே.

மாணவனும் சிறிய அளவில் இதைச் செய்யலாம். வாசிக்கும்போது புதிய சொல் வந்தால், அதன் வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதுக. பின்புறம் பொருளையும், தானே அமைத்த ஒரு வாக்கியத்தையும் எழுதுக. மறதிக்கு மருந்தும் இதிலேயே இருக்கிறது. எப்பிங்ஹௌஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, 1885-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். கற்றது முதலில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் மறக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது. ஆகவே ஒரே இரவில் நூறு முறை உருப்போடுவதைவிட, மறுநாள் ஒரு முறை, நாலாம் நாள் ஒரு முறை, பத்தாம் நாள் ஒரு முறை, மாத முடிவில் ஒரு முறை சீட்டைப் புரட்டுவது மேல். கைப்பேசியில் இதற்கான சாதனங்கள் வந்துவிட்டன. அவற்றையும் உபயோகிக்கலாம்; ஆயின் வாக்கியம் நீங்கள் வாசித்ததாக இருக்கட்டும்.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தார்களே என்று சிலர் கேட்பார்கள். செய்தார்கள். ஆனால் நிகண்டோடு நின்றவர்களில்லை. இலக்கியத்துக்குள் நுழைய அதைச் சாவியாகக் கொண்டார்கள். சாவிக்கொத்தை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நுழையாமலே திரிவதுதான் இன்றைய வழக்கமாகியிருக்கிறது.

நுட்பமே உயர்வு

உயர்ந்த சொல்லறிவு என்றால் என்ன என்பதையும் சொல்லி முடிப்போம். 'அன்இண்ட்ரஸ்டெட்' என்றால் அக்கறையற்றவர். 'டிஸ்இண்ட்ரஸ்டெட்' என்றால் சுயநலப் பற்றில்லாதவர். நீதிபதி இரண்டாமவராக இருக்கவேண்டும்; முதலாமவராக இருந்தால் நாடு கெடும். இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளை அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய சொல்லை வைப்பதே உயர்வு. பிரிட்டிஷ் அரசாங்கமே தன் உத்தியோகஸ்தர்களின் பகட்டு நடையைத் திருத்த விரும்பி எர்னஸ்ட் கவர்ஸ் என்பவரைக் கொண்டு எழுதுவித்து, 1948-ல் வெளியான நூலின் பெயர் 'எளிய சொற்கள்' என்பது. அம் மொழிக்குரியவர்களே துறந்த பகட்டை நாம் ஏன் சுமக்கவேண்டும்?

தாய்மொழியில் சொல்வளம் உள்ளவனுக்கே பிறமொழிச் சொல்லின் நுட்பம் எளிதில் பிடிபடும் என்பது நமது அனுபவம். நிழலுக்கும் சாயலுக்கும், நம்பிக்கைக்கும் நம்பகத்துக்கும் வேறுபாடு உணர்ந்தவன், ஆங்கிலத்திலும் அவ் வேறுபாட்டைத் தேடுவான். தமிழைத் தள்ளிவிட்டு ஆங்கிலம் கற்கப் புகுந்தவனுக்குத் தேடவேண்டும் என்றே தோன்றாது. ஆங்கிலம் நம்மிடமிருந்து கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் கூசாமல் எடுத்துக்கொண்டு வளர்ந்த மொழி. நாமும் கூசாமல், ஆனால் நம்முடையதை இழக்காமல், வேண்டியதை எடுத்துக்கொள்வோம்.

அந்தக் காரியதரிசி பின்னர் மூவாயிரம் சொற்கள் கொண்ட அப் புத்தகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டார். நாள்தோறும் ஒரு ஆங்கிலத் தலையங்கமும், வாரத்துக்கு ஒரு தீர்ப்பும் வாசித்துச் சீட்டு எழுதத் தொடங்கினார். சென்ற ஆண்டு வேறொரு பத்திரம் கிராமத்துக்கு வந்தபோது, அதைச் சபையில் வாசித்து, வரிவரியாகத் தமிழில் பொருள் கூறி, "நாலாவது பிரிவை எடுத்தால்தான் கையெழுத்து" என்று சொல்லிவிட்டாராம். நாலாவது பிரிவு எடுக்கப்பட்டது. நம்மிடம் அவர் இதைச் சொல்ல வந்தபோது, முன்பு கையெழுத்திட்டு நஷ்டப்பட்ட முதியவர் ஒருவரும் உடன் வந்திருந்தார். "இந்தத் தடவை தம்பி நல்லாப் படிச்சுச் சொன்னான்" என்றார் அவர். எந்தப் பரீட்சையின் மதிப்பெண்ணும் இந்த நற்சான்றுக்கு ஈடாகாது. நம் வாலிபர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கிராமத்தில் இத்தகைய நற்சான்று பெறவேண்டும். அதற்கு வேண்டியவை நாளுக்கு ஐந்து சீட்டும் மூன்று வருஷப் பொறுமையுமே. இன்றே தொடங்குக.